வாயப்பயம் தவறா, சுவற்றில் தவறா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தமிழைப் பேசுவதிலும் எழுதுவதிலும் பலரும் செய்யும் தவறுகளில் உங்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது எது என்பது முதல் கேள்வி. அடுத்தது அதற்குள்ளேயே இருக்கிறது. வடசென்னைத் தண்டையார்பேட்டையில் ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் வகுப்பில் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்ல, பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் ஆயா (பாட்டி) முதல் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம், எங்கள் பேச்சே தவறா, அவளைத் திருத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால்தான் எதற்கு எரிச்சல்படலாம், எதற்குப் படக்கூடாது என்பதும் தெளிவாகும்.

நான் தமிழ் படித்தவன். வண்ணாரப்பேட்டைப் பக்கத்து அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது பல ஆண்டுகளாக என் தொழில். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ், பிளெக்ஸ் பேனர், பள்ளி ஆண்டு மலர் என எல்லாம் என் கைக்கு வரும். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அதனால் எழுத்துப் பிழையைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். பேச்சைப் பற்றிச் சொல்வது இலக்கண நூல்கள் சொல்வதையும் நான் தினமும் காதால் கேட்பதையும் வைத்து. நாக்கு, காது தொடர்பான குறைகள் மருத்துவர் பார்க்க வேண்டியவை. அதில் நான் தலையிட மாட்டேன்.

முதலில் வாயப்பயம். வடசென்னையில் ழகரம் யகரமாவது வாய்க்கு வந்தபடி நடப்பதில்லை. பழம் பயம் ஆகிறது, கோழி கோயி ஆகிறது, கிழவி கெயவி ஆகிறாள். பெரும்பாலான சொற்களில் ஒரே பாதை. இப்படி ஒழுங்காக மாறுவதை வட்டார வழக்கு என்று சொல்ல வேண்டும், பிழை என்று சொல்லக்கூடாது. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் பேச்சில் அதே ழகரம் ளகரமாகி 'வாளப்பளம்' என்று வருகிறது. அதுவும் ழகரத்தை விட்ட பேச்சுதான். ஆனால் அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. இன்று சென்னையில் படித்தவர்கள் பலரும், மைக் பிடித்துப் பேசுகிறவர்களும் 'தமிள்', 'வாள்த்து' என்றுதான் சொல்கிறார்கள். ய சொன்னால் சேரித் தமிழ், ள சொன்னால் நல்ல தமிழ் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. சிரிப்புக்குக் காரணம் பேசுகிறவரின் தெரு. ஒலியில் குறை எதுவும் இல்லை.

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்கும் ஓர் அம்மா வாளை மீனை 'வாள' என்றும், வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றும் சொல்வார். மீன் வேறு, பழம் வேறு என்று அவர் பேச்சிலேயே பிரிந்து கேட்கிறது. ழகரத்தை ளகரமாக்கிப் பேசுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். அச்சம் என்ற பொருளுடைய பயத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது. அச்சத்தைச் சொல்லும்போது முதல் எழுத்து அழுத்தி, பஸ் என்பதில் வரும் ஒலியாக வரும். பழத்தைச் சொல்லும்போது பல், பத்து என்பதில் வரும் மெல்லிய ஒலியாக வரும். இந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் என்னிடம் படிக்க வரும்போது ழ, ள இரண்டையும் மாற்றி எழுதுவது குறைவாகவே இருக்கிறது. வீட்டில் ய வருகிற இடத்தில் ழ எழுத வேண்டும் என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் போதும், பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறார்கள். இது என் வகுப்பில் கண்டது. இதையே எல்லா ஊருக்கும் பொதுவிதியாக நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் நீங்கள் பேசும் மற்ற சொற்களுக்கும் இதே கதைதான். 'ஊட்டாண்ட' என்றால் வீட்டு அண்டை. அண்டை அயல் என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதே அண்டை. 'வந்துகினு' என்பது வந்துகொண்டு. 'இஸ்துகினு' என்பது இழுத்துக்கொண்டு. 'இஸ்கூலு' என்று சொன்னால் சிரிக்கிறார்களே, அதில் நடப்பது பழைய தமிழ்ப் பழக்கம்தான். சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடாத ஒலி வந்தால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்ப்பது நம் வழக்கம். ராமனை இராமன் என்று எழுதியதும் அதனால்தான். இராமனுக்கு மரியாதை கொடுப்பவர்கள் இஸ்கூலைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. ஒரு வரம்பு மட்டும் உண்டு. இவை வீட்டுக்கும் தெருவுக்கும் உரிய பேச்சு. பரீட்சைத் தாளிலும் மேடையிலும் பொதுத் தமிழ் வேண்டும். உங்கள் மகள் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். வீட்டுப் பேச்சை அழித்துவிட்டு இன்னொன்றைக் கற்க வேண்டிய அவசியமே இல்லை.

பேச்சில் எனக்கு எரிச்சல் வரும் இடம் வேறு. மொழியையே தொழிலாக வைத்திருப்பவர்கள் செய்தி வாசிக்கும்போது 'பலத்த மலை பெய்யும்' என்றால் பொறுக்க முடியவில்லை. 'வனக்கம்', 'பல்லி மானவர்கள்' என்று கேட்கும்போதும் அப்படித்தான். கூலிக்குப் பேசுகிறவர் தன் கருவியைத் தீட்டி வைத்திருக்க வேண்டாமா? இன்னொன்று, திருத்தமாகப் பேச வேண்டும் என்ற பதற்றத்தில் ளகரத்தையெல்லாம் ழகரமாக்கிவிடுவது: 'அவர்கழ்', 'மக்கழ்', 'வாருங்கழ்'. இது தெரியாமையால் வருவதில்லை, பயத்தால் வருகிறது. சிறுவயதில் யாரோ சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு இப்படித்தான் வெளியே வரும். உங்கள் மகளுக்கு இது வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

சரி, எழுத்துக்கு வருகிறேன். இங்கே நான் கறாரானவன். வடசென்னையில் தெருவுக்கு ஒரு சுவராவது 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று சொல்லும். சுவர் என்பதோடு இல் சேர்ந்தால் சுவரில்தான். கயிறு கயிற்றில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும், கிணறு கிணற்றில் ஆகும். அவை று என்று முடிகிற சொற்கள், அதனால் இரட்டிக்கின்றன. சுவர் ர் என்று முடிகிறது, இரட்டிக்க அங்கே எதுவும் இல்லை. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமே கிடையாது. இதே போல 'உடமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்' என்ற அறிவிப்பு. உடைய பொருள் உடைமை. அப்புறம் மளிகைக் கடைகளில் 'நல்லெண்ணை', 'கருவேப்பிலை'. எண்ணெய் என்பதில் நெய் இருக்கிறது, கறிவேப்பிலையில் கறி இருக்கிறது. சில்லறைக்குப் பெரிய ற. 'என்னைப் பொருத்தவரை' என்று எழுதுகிறவர்கள் பொறுத்தவரை என்று எழுத வேண்டும். பொருத்துவது கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்துவது.

பிளெக்ஸில் நான் அதிகம் அடித்துத் திருத்துவது 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'கேட்க்க' போன்றவற்றை. இதற்கு ஒரு விதி போதும், உங்கள் மகளுக்கே சொல்லிக் கொடுக்கலாம். ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. அதனால் முயற்சி, பயிற்சி, நட்பு, கேட்க, கற்க. ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் புள்ளி எழுத்து வரலாம். அதனால் வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. முயற்சிக்கும் வளர்ச்சிக்கும் எழுத்து ஏன் வேறுபடுகிறது என்று குழம்பிக்கொண்டிருந்த பல பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியில் முகம் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இன எழுத்து. முன்னால் மெல்லின ஒற்று வந்தால் ட-வுக்கு ண், த-வுக்கு ந், ற-வுக்கு ன். தமிழ்ச் சொல்லில் நடுவே இந்த ஜோடிகள் மாறாது: நண்டு, வண்டி, சண்டை, பந்து, சொந்தம், கன்று, நன்றி, ஒன்று. 'சன்டை', 'நன்டு', 'ஒன்ரு' எல்லாம் தமிழில் இருக்கவே முடியாதவை. காதால் ண, ன வேறுபாடு கேட்கவில்லையென்றாலும் இங்கே கண் காப்பாற்றிவிடும். அதே போல ரகரமும் ழகரமும் தனக்குத் தானே இரட்டிக்காது. ஒரே ஒலி இரட்டித்து வந்தால் அங்கே சின்ன ர இருக்காது, ற்ற தான்: வெற்றி, ஒற்றி, திருவொற்றியூர்.

ஆனால் தனியாக வரும் ர, ற இரண்டும் தொல்லைதான். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒரே ஒலி. இதில் வடசென்னை, தென்சென்னை என்ற பாகுபாடு கிடையாது. காது உதவாத இடத்தில் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீன் கடைப் பலகைகளையே எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் மீனைப் பொரிக்கிறோம், சின்ன ர. கல்லில் பெயரைப் பொறிக்கிறோம், பெரிய ற. 'பொறித்த மீன்' என்று எழுதினால் மீன்மேல் எதையோ செதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். காய் சமைத்தால் பொரியல், சின்ன ர. ஆனால் வறுவலுக்குப் பெரிய ற, ஏனென்றால் அது வறுப்பது. இந்த இரண்டையும் ஒன்றாகப் படித்தால் குழப்பம் வரும். பொரி, வறு என்று வினையாகப் பிரித்துப் படித்தால் நிற்கும். கடலுக்குக் கரை, துணியில் படிவது கறை. ஏரியில் தண்ணீர், படியில் ஏறி. நம் பக்கத்து எண்ணூர் ஓர் ஊர், அதனால் ர். எட்டு நூறுதான் எண்ணூறு. இப்படி எண்களைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காசோலையில் 'முன்னூறு' என்று எழுதாதீர்கள். மூன்று நூறு முந்நூறு, ஐந்து நூறு ஐந்நூறு.

ஒற்று மிகுவதைப் பற்றிப் பெரிய நூலே எழுதலாம். அன்றாடத்துக்கு மூன்று இடங்கள் போதும். ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்தால் மிகும்: அவளைப் பார்த்தேன், கடைக்குப் போனேன். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னால் மிகும்: அந்தப் பையன். ஆனால் வந்த, போன, செய்த போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன். அந்தப் பையனைப் பார்த்துப் பழகியவர்கள் 'வந்தப் பையன்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒற்று விடுபடுவதைவிட வேண்டாத இடத்தில் ஒற்றுப் போடுவதே எனக்கு அதிகம் உறுத்துகிறது. 'வேலை கொடு' என்பது பிழைப்புக்கு வழி கேட்பது. 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்பதாகிவிடும். வாக்கியப் பிழைகளில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், பள்ளி நோட்டீஸ்களில் ஓயாமல் வருகிறது: 'ஒவ்வொரு மாணவர்களும்'. ஒவ்வொரு மாணவரும் என்று ஒருமையில்தான் வரும். பன்மை வேண்டுமானால் எல்லா மாணவர்களும் என்று எழுதலாம். கடைகள் மூடப்பட்டது என்பதையும் மூடப்பட்டன என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்ன எழுத்துப் பிழைகள் எனக்கு உறுதியானவை. இனி வருபவற்றில் கற்றவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள், அதனால் யாரையும் பிடித்து உலுக்க வேண்டாம். வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? கள் என்பது வெறும் பன்மை விகுதி, அதற்கு முன் ஒற்று வேண்டாம் என்பது ஒரு கட்சி. வல்லினத்தைத் தொடர்ந்து வரும் குற்றியலுகரத்தின் முன் ஒற்று மிகுவது இயல்பு என்பது இன்னொரு கட்சி. நான் மெய்ப்பில் வாழ்த்துகள் என்றே போடுகிறேன், வாடிக்கையாளர் க் வேண்டும் என்றால் விட்டுவிடுகிறேன். நாள்கள், நாட்கள் இரண்டும் அப்படித்தான். நாட்குறிப்பு என்று திரிகிறதே என்பார்கள். தோள்கள் என்பதை யாரும் தோட்கள் என்று எழுதுவதில்லையே என்று எதிர்ப்பக்கம் கேட்கும். எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகப் படுகிறது, அவ்வளவே.

கறுப்பு, கருப்பு சண்டையும் தீராது. கறுத்தது என்ற வினையில் பெரிய ற இருக்கிறது, கருமை, கரிய என்பவற்றில் சின்ன ர இருக்கிறது. கறுப்பு, சிவப்பு என்ற சொற்கள் வெகுளியைக் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொல்வதால் நான் கறுப்பை எடுத்துக்கொள்கிறேன், கருப்பு என்று எழுதியவரை அடிக்கமாட்டேன். 'அருகாமை' என்பதை அறியாமை, கல்லாமை போல எதிர்மறையாகப் பார்த்துத் தவறு என்பார்கள். ஆனால் நெருக்கம் என்ற பொருளில் அது வழக்கில் ஊன்றிவிட்டது. நான் அருகில் என்று மாற்றிவிடுவேன், வாதாட மாட்டேன். ராயபுரம், இராயபுரம் இரண்டும் சரி. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஊரை எப்படி எழுதினாலும், ஒரே பத்திரிகையில் முகவரிக்கு ஒன்றும் வரவேற்புக்கு ஒன்றுமாக எழுதாமல் இருந்தால் போதும். எழுதும் முறை காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகுதான் ணா, றா, னா, லை, னை போன்றவை இன்றைய வடிவில் பாடநூலுக்கு வந்தன. அதற்கு முன் அச்சான புத்தகத்தை உங்கள் மகளிடம் கொடுத்தால் சில எழுத்துகளில் தடுமாறுவாள்.

மகளுக்கு ழகரம் சொல்லித் தருவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுனி நாக்கு மேலண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கின்றன என்று தொல்காப்பியமும் நன்னூலும் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. ழகரத்துக்குத் துணையாக லகர ளகரத்தை அவை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் நான் ளகரத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் 'அர' என்று சொல்லச் சொல்வேன். அடுத்து நாக்கின் நுனியை இன்னும் பின்னால் வளைத்து, மேலே முட்டாமல் நிறுத்தி, குரலை மட்டும் விடச் சொல்வேன். 'அழ' வந்துவிடும். ளகரம் சொல்லும்போது நுனி மேலே ஒட்டும், மூச்சு இரு ஓரமும் போகும். ழகரத்தில் நுனி எதையும் தொடாது. கண்ணாடி முன் நிற்க வைத்துச் சொல்ல வைத்தால் பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியும். தனி எழுத்தாக 'ழ' என்று ஓத வைக்காதீர்கள், தமிழில் ழகரம் சொல்லுக்கு முதலில் வராது. அழ, மழை, வாழை, கோழி என்று உயிரெழுத்துக்குப் பின்னால் வைத்துப் பழக்குங்கள். வியாழக்கிழமை என்பதில் இரண்டு முறை வரும், அதைக் கடைசியில் வையுங்கள். தினம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் எதிரில் சொல்லவைக்கவும் வேண்டாம்.

ர, ழ போன்ற ஒலிகள் பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் படியும். ஆறாம் வகுப்புப் பெண் வீட்டு வழக்கால் ய என்கிறாளா, நாக்கு வளையாமல் ய என்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'அழ' என்று நீங்கள் சொல்ல அவள் திருப்பிச் சொல்ல முடிந்தால் அது வழக்குதான், கவலையே இல்லை. எவ்வளவு சொன்னாலும் வரவில்லை, கூடவே ர, ல போன்ற வேறு ஒலிகளும் தடுமாறுகின்றன என்றால் அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம். வீட்டில் இப்படிப் பேசுகிறோம், பொதுத் தமிழும் பழக்கிக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று சொன்னால் போதும். எழுத்தில் எங்கே தொடங்குவது என்றால், இந்த மாதம் நண்டு, பந்து, கன்று ஜோடிகளையும் முயற்சி, வளர்ச்சி விதியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ர, ற பட்டியலை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பார்க்கலாம்.